அப்பா கீழே வைத்த டம்ளர்

முதுநகரில் என் மாமனார் வீட்டில், கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்குப் போய் வந்ததும் ஒரு பால் கலக்குவார்கள். மாமனார் அதை எக்நாக் என்பார். வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது முட்டைப் பால்தான். அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி உலகத்தின் துறைமுகங்களைச் சுற்றியவர். அங்கெல்லாம் என்ன மாமா பார்த்தீர்கள் என்று கேட்டால், "அடுப்பப் பாத்தேன்" என்பார். அந்த அடுப்பில் கற்றுக்கொண்டு வந்ததுதான் எக்நாக்.

வருடம் முழுக்கச் சமையலறைப் பக்கம் வராத மனிதர், அன்று மட்டும் என் மாமியாரை வெளியே அனுப்பிவிடுவார். மஞ்சள் கருவைத் தனியாக, வெள்ளைக் கருவைத் தனியாகப் பிரிப்பார். மஞ்சள் கருவில் சர்க்கரையைப் போட்டு, அதற்கென்றே எடுத்து வைத்திருக்கும் தயிர் மத்தால் நிறம் வெளுக்கும்வரை கடைவார். காய்ச்சிய பாலைக் கை பொறுக்கும் சூட்டில் நூல் மாதிரி ஊற்றுவார். அவசரப்பட்டால் முட்டை வெந்து திரிந்துவிடும் என்று பக்கத்தில் நிற்பவர்களை மிரட்டுவார், ஏதோ நாங்கள் ஊற்றுவது போல. பிறகு வெள்ளைக் கருவை நுரையாக அடித்து மேலே மிதக்கவிட்டு, ஜாதிக்காயைத் துருவிப் போட்டு, கடைசியில் பிராந்தி. பாண்டிச்சேரிக்குப் போன யாராவது வாங்கி வந்து கொடுத்த பாட்டிலாக இருக்கும். மூடியால் அளந்துதான் ஊற்றுவார்.

என் மாமியாருக்கு மது என்றால் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தால் இவர் வீட்டு ஜன்னலைச் சாத்துவார். ஆனால் முட்டைப் பாலில் ஊற்றுவது மட்டும் அவர் கணக்கில் மதுவே இல்லை. "அது மருந்து மாதிரி. மார்கழிக் குளிருக்கு" என்பார். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு விதிவிலக்கு இருக்கும்போல. யாரும் அதைக் குடைந்து கேட்பதில்லை.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு முந்தைய கிறிஸ்துமஸைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பால் கலக்குவதைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கக் கை சாக்குத் தேடுகிறது. எழுத வேண்டியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

என் கணவரும் நானும் சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவர் முதுநகர், நான் சிதம்பரம். ஊருக்குப் போகும் பஸ் ஒன்றாகிப் போனதில் பேச்சு ஆரம்பித்து, கல்யாணத்தில் வந்து நின்றது. அவர் வீட்டில் மதம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. "எங்கம்மா ஒரே ஒண்ணுதான் கேப்பாங்க. ஒங்கப்பா குடிப்பாரான்னு" என்றார். என் கணவரின் அக்காவை ஒரு குடிகாரனுக்குக் கட்டிக் கொடுத்து, அந்த அக்கா உடம்பெல்லாம் காயத்தோடு தாய் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். அதனால் அந்தக் கேள்வி.

என் அப்பா குடிகாரர். அதாவது, குடிகாரராக இருந்தார். சிதம்பரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். புவனகிரிப் பக்கத்து விவசாயிகள் எரிந்துபோன பம்புசெட்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம்தான் வருவார்கள். நல்ல வேலைக்காரர். காலையில் வந்தவர்களுக்கு நல்ல வேலைக்காரர் என்று திருத்திச் சொல்ல வேண்டும். மதியத்துக்கு மேல் கடை திறந்திருக்கும், அப்பா இருக்க மாட்டார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாய்க்கால் கரையில் கிடப்பவரை அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்துத் தூக்கி வந்திருக்கிறோம். இடது பக்கம் எனக்கு. எங்கள் தெருவில் எனக்கென்று ஒரு பெயர் இருந்ததாக நினைவில்லை, குடிகாரன் பொண்ணு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

கடைசியில் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பார் என்று டாக்டர் கேட்டார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நான்தான் சொன்னேன். எந்த நேரத்துக்கு ஆரம்பிப்பார், என்ன வாங்குவார், எதில் கலப்பார், எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பா நிறுத்திவிட்டார். சும்மா நிறுத்தவில்லை, பயந்து நிறுத்தினார். இருமல் மருந்து வாங்கினால்கூட பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, ஆல்கஹால் இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொல்வார். ஹோமியோபதிச் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம் என்பார். வாய் ஊறும்போதெல்லாம் டீ குடிப்பார், கடலை மிட்டாய் தின்பார். நானோ சென்னைக்குப் போய், அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர்களோடு பழகி, அந்தச் சுகத்துக்குப் பழகிவிட்டேன்.

மாமியார், அப்போது வெறும் அவருடைய அம்மா, ஒரு நாள் எனக்குப் போன் செய்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஒங்கப்பா குடிப்பாராம்மா?"

"குடிக்க மாட்டாரு அத்த."

இது உண்மை. இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிட்டார் என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. அந்த அம்மாள் புரிந்துகொள்ளக்கூடியவர்தான். ஆனால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"தொட்டதே இல்ல அத்த. அந்த வாடையே அவருக்கு ஆவாது."

சொன்ன பிறகு எனக்குக் குற்ற உணர்ச்சி வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று சாப்பிட வாருங்கள், அப்படியே பேசி முடித்துவிடலாம் என்று அவர்கள் கூப்பிட்டார்கள். எங்கள் பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். மார்கழியில் கல்யாணப் பேச்சா, தை பிறக்கட்டும் என்றார். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "அவுங்களுக்கு அன்னிக்கித் திருநாள். நல்ல நாளும் அதுவுமா கூப்புட்றாங்க. தட்டு எடுத்துக்கிட்டுப் போவல, பழம் எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றார். அப்பாவுக்கு அந்தச் சம்பந்தம் பிடித்திருந்தது. மாப்பிள்ளையிடம் போனிலேயே, "ஒங்க வூட்டுப் பிரியாணி சாப்புடத்தான் தம்பி வர்றேன்" என்று சொல்லியிருந்தார்.

அப்பா அப்படிச் சொன்னது சாதாரண விஷயமல்ல. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பெண் பார்க்கவோ மாப்பிள்ளை பார்க்கவோ போனால் தண்ணீரோடு சரி. இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று பொருள். கை நனைக்காமல் எழுந்து வந்தால் வேண்டாம் என்று பொருள், வாயைத் திறந்து சொல்லத் தேவையில்லை. என் மாமனார் வீட்டார் மூன்று தலைமுறைக்கு முன்பு வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தவர்கள். ஆனாலும் கை நனைக்கும் கணக்கு மட்டும் அவர்களை விட்டுப் போகவில்லை.

பஸ்ஸில் போகும்போது முட்டைப் பாலைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். முட்டையும் பாலும்தான் என்றுதான் எனக்கே தெரியும். வயதுக்கு வந்தபோது அம்மா எனக்குப் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய் குடிக்க வைப்பாளே, அதன் பணக்காரத் தங்கச்சி என்றேன். அப்பா பஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். "இந்த வயசுல எனக்கு எதுக்குடி அது?" என்றார். அம்மா அவர் தொடையில் கிள்ளினாள். அவ்வளவு சந்தோஷமாகப் போனோம்.

வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் தொங்கியது. மாமனார் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். உட்கார வைத்த சூட்டோடு தட்டில் டம்ளர்கள் வந்தன. மேலே நுரை, நுரையின் மேல் ஜாதிக்காய்த் தூள். மாமனாரே ஒரு டம்ளரை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

"இது எங் கையால போட்டது சம்பந்தி. இதக் குடிச்சிட்டா கை நனைச்ச மாதிரி. அப்பறம் நீங்க பின்வாங்க முடியாது, பாத்துக்குங்க."

எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்துக்கொண்டே டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். உதட்டுக்கு அருகில் போன டம்ளர் நின்றது. அப்பாவின் மூக்கு விடைத்தது. அந்த முகம் எனக்குத் தெரியும். என் கையிலிருந்த டம்ளரை முகர்ந்து பார்த்தேன். ஜாதிக்காய்க்கு அடியில் பிராந்தி.

அப்பா டம்ளரை மெதுவாக டீப்பாயின் மேல் வைத்தார்.

சிரிப்பு நின்றுபோனது. மாமனார் கையில் தட்டோடு அப்படியே நின்றார். அவருடைய எக்நாக்கில் என்ன குறை என்று அவருக்குப் புரியவில்லை. மாமியாருக்கு வேறு மாதிரி புரிந்துவிட்டது. அவர் முகம் இறுகிப்போனது. கை நனைக்க மாட்டேன் என்று பெண்ணைப் பெற்றவர் சொல்லாமல் சொல்கிறார், அதுவும் திருநாள் அன்று, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு. அவர் இடத்தில் எங்கள் ஊர்க்காரர் யார் இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"ஏங்க, புடிக்கலயா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று என் முகத்தில் தேடினார். இதில் பிராந்தி இருக்கிறது, அப்பாவுக்கு ஆகாது என்று நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஏன் ஆகாது என்று அடுத்த கேள்வி வரும் என்று பயந்தேன். அதனால் முந்திக்கொண்டேன்.

"மார்கழி அத்த. அப்பா முட்ட, கவிச்சி எதுவும் தொட மாட்டாரு."

என்னை நானே மெச்சிக்கொள்ள ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை.

"அப்பப் பிரியாணியும் சாப்புட மாட்டாரா?" என்றார் மாமியார்.

எங்களுக்காக விடியற்காலையிலிருந்து தம் போட்டு வைத்திருந்த பிரியாணியின் மணம் வீடெல்லாம் நிறைந்திருந்தது. மாமியார் என் கணவரைப் பார்த்தார். பிரியாணி சாப்பிடத்தான் வருகிறேன் என்று அப்பா சொன்னதை வீட்டில் வந்து சொல்லியிருந்தவர் அவர்தான். கணவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"மார்கழின்னா மார்கழின்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம். கை நனைக்கக் கூடாதுன்னே ஒரு நாளு பாத்து வந்த மாதிரி இருக்கு" என்றார் மாமியார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"அதில்லங்கம்மா" என்று அப்பா எழுந்துவிட்டார். கோர்ட்டில் நிற்பவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். எனக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை.

"வூட்ல மார்கழிக்கிக் கவிச்சி எடுக்க மாட்டோம், அத நெனச்சிக்கிட்டுச் சொல்லுது பொண்ணு. நான் வெளிய சாப்புடுவேன். இது வேறங்க. இதுல சரக்கு இருக்கு. நான் குடிச்சவன். கொஞ்சநஞ்சம் இல்ல, கடையே முழுவுற அளவுக்குக் குடிச்சேன். ஆஸ்பத்திரில போட்டு எடுத்தாங்க. விட்டாச்சி. ஆனா ஒரு சொட்டு உள்ள போச்சின்னா நான் ஆரம்பிச்சிடுவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். அதான் கீழ வச்சேன். ஒங்க வூட்ட வாணாம்னு வைக்கிலிங்க."

மாமனார் டம்ளரை எடுத்துத் தன் பின்னால் மறைத்துக்கொண்டார், ஏதோ குழந்தை கையில் கிடைத்துவிடக் கூடாத பொருள் போல. மாமியார் மட்டும் என்னையே பார்த்தார்.

"ஒங்க பொண்ணு தொட்டதே இல்லன்னு சொன்னுச்சே. வாடையே ஆவாதுன்னு சொன்னுச்சே."

அப்பா என் பக்கம் திரும்பினார். ஒரு பார்வைதான். தன் மகள் தன்னை நினைத்து எவ்வளவு வெட்கப்படுகிறாள் என்பதை அப்பா அந்த வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில் தெரிந்துகொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் மாமியார் பக்கம் திரும்பி, யோசிக்கக்கூட இல்லாமல், சொன்னார்.

"அதுக்குத் தெரியாதுங்க. சின்னப் புள்ள. அது தூங்குன பெறவுதான் நான் வூட்டுக்கே வருவேன். எழுந்திரிக்கிறதுக்குள்ள போயிடுவேன். ஆஸ்பத்திரிக்கிப் போனதுகூட மஞ்சக் காமாலன்னு சொல்லி வச்சிருந்தோம். இவுங்க அம்மா அத ஒண்ணும் தெரியாமயே வளத்துட்டா. எம்மேல இருக்கற மரியாதையில அது நெசம்னு நெனச்சிச் சொல்லிடுச்சி. பொய் சொல்ற புள்ள இல்லங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. இல்லை, எனக்குத் தெரியும், நான்தான் அவரைத் தூக்கி வருவேன் என்று சொல்ல வேண்டிய இடம். சொற்கள் தொண்டைவரை வந்தன என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. தப்பித்தேன் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அழுகை வந்துவிட்டது.

மாமியார் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "இப்பத்தான் தெரியுதாடி ஒனக்கு? இப்படியா தெரியணும்?" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார். தன் மகளுக்காக அழுது தீராத கண்ணீர் அவரிடம் மிச்சம் இருந்தது, அதை எனக்காகச் செலவு செய்தார். நான் அவர் தோளில் அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

பிறகு இலை போட்டார்கள். அப்பா கையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து, பிரியாணியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாமனார் பக்கத்தில் நின்று பரிமாறியபடியே, "தப்பு என்னுது சம்பந்தி, கேட்டுட்டு ஊத்தியிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கல்யாணம் அன்றே முடிவாகிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்தார். நானும் அம்மாவும் பின்னால். புதுச்சத்திரம் தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி, "அவுரு குடிச்சிட்டுக் கெடந்தப்பகூட நான் இப்படித் தல குனிஞ்சதில்ல" என்றாள். நான் சிதம்பரத்தில் இறங்கியதும் அப்பாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்லத் தொடங்கினேன். "பிரியாணி நல்லாருந்துச்சில்ல?" என்று கேட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மாமியாரிடம் சொல்லிவிட நினைத்தேன். சொன்னால் பொய்யர் ஆவது நான் மட்டுமல்ல, அப்பாவும்தான். அவர் எனக்காகச் சொன்ன பொய்யை நானே உடைப்பதா என்று ஒரு நல்ல காரணம் கிடைத்தது. நல்ல காரணங்கள் எனக்கு எப்போதும் சுலபமாகக் கிடைத்துவிடுகின்றன.

இப்போது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பாவும் அம்மாவும் முதுநகருக்கு வருகிறார்கள். மாமனார் பிராந்தி பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே அப்பாவின் பாலைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். போன வருடம் எல்லோரும் குடித்து முடித்த பிறகு, நானும் மாமியாரும் சமையலறையில் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். அப்பா கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளே பேசுவது கேட்கும் தூரத்தில், கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமியார் எதையோ நினைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தொட்டார்.

"அன்னிக்கி ஒம் மொகத்தப் பாத்துத்தான் நான் சரின்னேன், தெரியுமா? ஒங்கப்பா குடிச்சாருன்னதும் எனக்கு வாணாம்னுதான் தோணுச்சி. ஆனா நீ அழுத பாரு. ஒரு கள்ளம் இல்லாத புள்ளன்னு அப்பத்தான் தெரிஞ்சிது. ஒங்கப்பன் குடிச்சது ஒனக்கு நெசமாவே கொஞ்சங்கூடத் தெரியாதாடி?"

கையில் சோப்பு நுரையோடு நின்றேன். அவருடைய கண்ணைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"பாப்பா" என்று கூடத்திலிருந்து அப்பா கூப்பிட்டார். "பால்ல சக்கர பத்தல. கொஞ்சம் எடுத்தாம்மா."

"போ, போய்க் குடு" என்றார் மாமியார்.

சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா டம்ளரை நீட்டினார். அது காலியாக இருந்தது.